சுண்டலைத் திருப்பிக் கொடுக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் செய்தியும் படமும் நேற்று ராத்திரி வந்தன. உன் இரண்டு கினி பிக்குகளில் மொச்சையைச் சுண்டல் கடித்து, பின்பக்கம் ரத்தம் என்றதும் எனக்கும் மனசு பதறிவிட்டது. சுண்டல் பொல்லாதவன், அவனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த முடிவை மட்டும் இப்போது எடுக்காதே. கினி பிக் காரணமில்லாமல் ரத்தம் வரக் கடிக்காது. காரணத்தைப் பார்க்காமல் அவனை அனுப்பிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தால் அதுவும் நாளைக்குக் கடிக்கும்.

முதல் வேலை காயம். படத்தில் தெரிவது ஒரு இடம்தான், ரோமத்துக்குள் இன்னும் இருக்கலாம். மடியில் துண்டை விரித்து மொச்சையை வெளிச்சத்துக்கு நேராக உட்கார வை. விரலை நனைத்துக்கொண்டு ரோமத்தை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வகிர்ந்து பார். பல் இறங்கிய இடம் கடுகளவு ஓட்டையாகத்தான் இருக்கும். அதன்மேல் ரோமமும் ரத்தமும் ஒட்டிக் காய்ந்து பொருக்காக மூடியிருக்கும். பின்பக்கம், காதோரம், உதடு, மூக்கு, பிறப்புறுப்பைச் சுற்றிய இடம், எல்லாவற்றையும் பார். கண் பால் பூத்தாற்போல் இருந்தாலோ திறக்காமலே இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு கலந்து, சுத்தமான துணியால் நனைத்து நனைத்துப் பொருக்கை இளக்கிக் கழுவு. பிய்த்து எடுக்காதே. பிறகு பெட்டாடின் கரைசலை லைட் டீ நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு நீர்த்து ஒற்றி எடுத்தால் போதும். உன் அம்மா மஞ்சள் வைக்கச் சொல்லுவாள். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். தூள் கட்டிதட்டி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிப்பது வெளியே தெரியாது. கினி பிக்கின் சீழ் கெட்டியானது, தானாக எளிதில் வடியாது. அதனால் சில நாள் கழித்து அந்த இடத்தில் கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் அமுக்கிப் பார்க்காதே. டாக்டர்தான் கீறி எடுத்துக் கழுவ வேண்டும். இந்த வெயிலில் ஈயும் சேர்ந்துகொள்ளும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகவே காயம் ஆறும்வரை மொச்சையின் கூண்டுக்கு நெருக்கமான கொசுவலை போட்டு, அடியில் விரித்த துணியைக் காலையும் மாலையும் மாற்று.

ஒன்றை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதே. நமக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்கிற மருந்து கினி பிக்குக்கு எமன். பென்சிலின் வகை மருந்துகள், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் அதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். அந்த இடத்தைக் கெட்ட கிருமி பிடித்து, சில நாளில் உயிரே போய்விடும். ஆன்டிபயாடிக் களிம்பும் அப்படித்தான், தடவியதை நக்கி விழுங்கிவிடும். டாக்டரிடம் போகும்போதும் “இது கினி பிக், பென்சிலின் வகை ஆகாது” என்று நீயே முந்திக்கொண்டு சொல். ஆடு மாடு பார்த்துப் பழகிய டாக்டர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

காயத்தைவிட நீ பயப்பட வேண்டியது சாப்பாடு நிற்பதற்குத்தான். கினி பிக்கின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் வாய் வைக்கவில்லை, புழுக்கை சிறுத்துவிட்டது அல்லது வரவில்லை என்றால் அது அவசரம். டாக்டரிடம் போகும்வரை, தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் நிறுத்து எழுதி வை. முகத்தில் நோவே காட்டாத பிராணி அது, எடைதான் உண்மையைச் சொல்லும்.

நம்மைப் போலவே அதற்கும் வைட்டமின் சி-யை உடம்பே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தினமும் வேண்டும், குறைந்தால் காயம் ஆறாது. விதை நீக்கிய கொய்யாத் துண்டு ஒன்று, கொஞ்சம் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை போதும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண், சீக்கிரமே வீரியம் போய்விடும்.

இனி சுண்டல் விஷயம். உறுமிக்கொண்டே இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பது, மேலே ஏறுவது, விரட்டுவது, பின்பக்கம் மோந்து பார்ப்பது, இதெல்லாம் யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்வது. அதில் நீ தலையிடாதே, பாதியில் பிரித்தால் தீராமல் நாளைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல்லை நறநறவென்று கடித்து, கழுத்து ரோமம் சிலிர்த்து, இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்து நின்றால் அது எச்சரிக்கை. கட்டிப் புரண்டு உருண்டால் உடனே பிரிக்க வேண்டும். அப்போது கையை விடாதே, விரலைக் கிழித்துவிடும். நடுவில் ஒரு முறத்தை இறக்கு, இல்லாவிட்டால் கனமான துண்டைப் போட்டு மூடித் தூக்கு.

இவ்வளவு நாள் சேர்ந்து தின்று சேர்ந்து தூங்கியவர்கள் இப்போது ஏன் அடித்துக்கொண்டார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனபோது அவர்களுடைய பெண் கினி பிக்கை உன் அறையில் வைத்திருந்தாய் என்று எழுதியிருந்தாயே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். பெண் வாசனை பட்டால் ஆண்கள் இரண்டும் போட்டியாகிவிடும். அதைத் தூக்கிக் கொஞ்சிய கையோடும் துணியோடும் இவர்களைத் தொட்டாலே போதும். அதோடு இருவருக்கும் ஏழெட்டு மாதம்தான் ஆகிறது, வாலிப முறுக்கு உச்சத்தில் இருக்கும் வயது. பழைய படத்தில் உன் கூண்டையும் பார்த்தேன். ஒரே கிண்ணம், ஒரே தண்ணீர் பாட்டில், ஒற்றை வாசல் வைத்த மர வீடு. வாசலில் சுண்டல் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்ட மொச்சை எந்தப் பக்கம் ஓடுவான்? அவனுக்குப் பின்பக்கம் கடிபட்டிருப்பதே, திரும்பி ஓடப் பார்த்தான் என்பதைக் காட்டுகிறது.

எல்லாவற்றையும் இரண்டாக்கு. இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டிகள் வை. இரண்டு ஆண்களுக்கு நாலடிக்கு இரண்டரை அடிக்குக் குறையாத இடம் வேண்டும், தரையிலேயே அடைப்பு கட்டினாலும் சரி. சுண்டலையும் தூக்கிச் சோதித்துப் பார். பல்லிலோ காலிலோ வலி இருந்தாலும், சொறிப்பூச்சி பிடுங்கினாலும் கிட்டே வருபவனைக் கடிக்கத்தான் செய்வான்.

மொச்சைக்கு ஆறும்வரை நடுவில் கம்பி வலை வை. வெவ்வேறு அறையில் பிரித்து வைக்காதே. பார்க்கவும் மோந்து பார்க்கவும் கூப்பிட்டால் கேட்கவும் முடிய வேண்டும். கூட்டமாக வாழும் பிராணி அது. சுவிட்சர்லாந்தில் கினி பிக்கைத் துணையில்லாமல் வளர்க்கக் கூடாது என்று 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆறிய பிறகு, இரண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில், கூடத்துத் தரையில் பழைய போர்வை விரித்து, நடுவில் அருகம்புல்லைக் குவித்து, இரண்டையும் ஒரே சமயத்தில் விடு. குளிப்பாட்டி விடச் சொல்பவர்கள் உண்டு, அது அவர்களை மிரட்டத்தான் செய்யும். முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில மணி நேரம் பக்கத்திலேயே உட்கார். மறுபடி ரத்தம் வந்தால் அதற்குமேல் கட்டாயப்படுத்தாதே. வலைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று ஆயுசு முழுக்க இருக்கட்டும். அதுவும் துணைதான், அதில் சுண்டலுக்கு ஒரு குறையும் இல்லை.

இன்றைக்கு ராத்திரி இருவரின் எடையையும், மொச்சை எவ்வளவு புல் தின்றான் என்பதையும் எழுது. காயத்தைக் கழுவியபின் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. நாளைக் காலை அவன் எடை குறைந்திருந்தால் எனக்குப் போன் செய்துகொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. சுண்டலையும் கூடவே, தனிக் கூடையில், கொண்டு போ. அவன் பல்லையும் பார்த்துவிடட்டும்.

அன்புடன்,
பெரியம்மா