சிறார்க்கு உணவறிவு புகட்டும் முறை

உடலை ஓம்புதலும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், எண்ணையும் எழுத்தையும் சிறார்க்குக் கற்பிக்க நாம் கொள்ளும் முயற்சியில் நாலிலொரு பங்குகூட, உண்ணும் முறையைக் கற்பிப்பதில் கொள்கின்றோமில்லை. பசியே அதனைக் கற்பிக்கும் என்று வாளா இருந்துவிடுகின்றோம். பசி உண்ணத் தூண்டுமேயன்றி, இன்னது உண்க என்று தெரிவிக்கமாட்டாது. வயிறு நிறைந்தும் உடல் வாடும் நிலை ஒன்றுண்டு. அந்நிலையினின்றும் சிறாரைக் காக்கும் வழி யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். நம்முட் பலர் நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்க இருத்தலின், இது நமக்குப் புறம்பானதன்று.

முதற்கண் ஒரு வரலாற்றை நோக்குவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்ந்துவந்தார். கால்களை மரக்கச் செய்து, நரம்பைத் தளர்த்தி, இதயத்தையும் சோர்விக்கும் கொடுநோய் அது. அவருடைய ஆராய்ச்சிக் கோழிகள் ஒருகால் தள்ளாடி விழலாயின. சில மாதங்கட்குப்பின் தாமே குணமும் அடைந்தன. காரணம் வினவியபோது உண்மை வெளிப்பட்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறே அக்கோழிகளுக்கு இரையாக இடப்பட்டிருந்தது. பின்வந்த சமையற்காரர், படைவீரர்க்குரிய சோற்றைக் கோழிக்கு ஈய மறுத்துவிட்டார். அதன்மேல் தீட்டாத அரிசி இடப்பட்டது, கோழிகளும் பிழைத்தன. நாம் தவிடென்று தள்ளுவதில் உயிரைக் காக்கும் சத்தொன்று உண்டென்பது இவ்வாறு புலனாயிற்று. தையமின் என இன்று வழங்கும் ஜீவசத்து அதுவே. எய்க்மானுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சிக்குச் சிறந்ததோர் இடமுண்டு. நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்பார் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்திய நாட்டுப் பல பகுதி மக்களின் உணவுவகைகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் கொழுமையாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்து, பாலும் காயும் மிகக் குறைந்த உணவைப் பெற்றவை நலிந்தன. அச்சிறிய அறையே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகின்றது.

இதனைக் கேட்டு, அரிசியே தீது என்று கொள்ளுதல் கூடாது. நெல்லை அவித்து உலர்த்திக் குத்துங்கால், தவிட்டிலுள்ள தையமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊறிவிடுகின்றது. ஆதலின், புழுங்கலரிசி உண்ணும் மக்களிடையே பெரிபெரி அருகியே காணப்பட்டது. நம் முன்னோர் காரணம் அறியாமலே கைக்கொண்ட வழக்கமொன்று பலரைக் காத்துநின்றது என்க.

பெரிபெரி இன்று பெரும்பாலும் ஒழிந்தது. ஆயினும் சத்துக்குறைவு ஒழிந்திலது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர். தமிழ்நாட்டில் அத்தொகை 57. இரத்தம் குன்றிய சிறுவன் வகுப்பில் சோர்ந்திருப்பான்; அவனை நாம் மந்தபுத்தியுடையவன் என்றும் சோம்பேறி என்றும் கடிந்துகொள்கின்றோம். குறை அவன் அறிவில் இல்லை, அவன் இரத்தத்தில் உள்ளது என்பதை அறியாத ஆசிரியர் அவனுக்கு இழைக்கும் அநீதி சிறிதன்று.

அரசினரும் ஊராட்சியினரும் இதனை ஒருவாறு உணர்ந்தே செயலாற்றியுள்ளனர். பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியொன்றில் 1920-இல் பகலுணவு வழங்கத் தொடங்கிற்று. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. இலையில் உணவை இடும் கடமை இவ்வாறு நிறைவேறுகின்றது. இலையிலிட்ட கீரையைப் பிள்ளை ஒதுக்கித் தள்ளாமல் உண்ணச் செய்யும் கடமையோ ஆசிரியரைச் சார்ந்தது.

அதனைச் செய்யும் வழிகளுட் சிலவற்றை இனிக் கூறுவோம்.

முதலாவது, கண்ணாற் காட்டிக் கற்பித்தல். சோற்றின்மேல் அயோடின் கரைசல் ஒரு துளி விட்டால் அது கருநீலமாக மாறும். மாச்சத்து இதுவென்று பிள்ளைகள் மறவார். நிலக்கடலையை நசுக்கித் தாளில் தேய்த்தால் எண்ணெய்க் கறை படியும். கொழுப்பு இதுவென்று காண்பர். 300 மில்லிலிட்டர் கொண்ட இனிப்புப் பானக் குப்பிகள் பலவற்றில் சுமார் 30 கிராம் சருக்கரை உண்டு. அவ்வளவு சருக்கரையைத் தேக்கரண்டியால் ஏழெட்டு முறை அள்ளி ஒரு தட்டில் குவித்துக் காட்டினால், அதன்மேல் உபதேசம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, தம் கையால் விளைவிக்கச் செய்தல். பள்ளியின் ஓரத்தில் ஒரு முருங்கையும் இரண்டு பாத்திக் கீரையும் போதும். தாம் நீரூற்றி வளர்த்த கீரையைப் பிள்ளைகள் எளிதில் வெறுப்பதில்லை. முருங்கைக்கீரையிலுள்ள கரோட்டின் உடலில் ஜீவசத்து ‘ஏ’ ஆக மாறி மாலைக்கண் நோயைத் தடுக்கும். அதனுடன் சிறிது எண்ணெய் சேர்ந்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். கீரையுணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருமாயின் அதிலுள்ள இரும்புச்சத்து மிகுதியும் உடலிற் சேரும். உணவோடு தேநீர் அருந்தினாலோ அது குறையும். இவ்வளவும் பாத்தியின் அருகே நின்றே சொல்லத்தக்க பாடங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையானது, எவர் வீட்டு உணவையும் இழித்துரையாமை. சத்துப் பாடம் நடக்கும்போது, பாலும் பழமும் உண்ணும் பிள்ளை தலைநிமிர, கூழுண்டு வந்த பிள்ளை தலைகுனியுமாயின், அப்பாடம் தீமையே செய்ததாகும். கூழின் பெருமையை ஆசிரியர் எடுத்துரைப்பாராக. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவினதே. விலையுயர்ந்ததே சத்துடையது என்னும் மயக்கத்தை இவ்வொரு கணக்கே போக்கிவிடும். கூழோடு சிறிது பருப்பும் கீரையும், கிடைக்குமேல் ஒரு முட்டையும் சேர்த்துக்கொள்க என்று சொல்லும்போது, அப்பிள்ளை தன் அன்னையிட்ட உணவை மதித்துக்கொண்டே மேலும் நலம் பெறும்.

அச்சுறுத்திக் கற்பிப்பதையும் நாம் தவிர்த்தல் வேண்டும். இதனை உண்டால் நோய் வருமென்று மிரட்டினால், பிள்ளை ஒளித்து உண்ணக் கற்குமேயன்றி விலக்கக் கல்லாது. ஆசிரியர் தாமும் உடனிருந்து அவ்வுணவையே உண்டு காட்டுதல் ஆயிரம் சொல்லினும் வலியது.

எய்க்மான் கண்ட பேருண்மை கோழிகளின் இரையிலிருந்தே பிறந்தது. அவ்வாறே, நம் எதிரே இலையிடப்பட்டு அமரும் சிறுவன் எதை உண்கின்றான், எதை ஒதுக்குகின்றான் என்று நாள்தோறும் கூர்ந்து நோக்கும் ஆசிரியரே அவனுக்கு நன்மை செய்ய வல்லவர். நம் கல்லூரியினின்றும் பள்ளிகட்குச் செல்லும் நண்பர்கள், பகலுணவு மணி அடித்தவுடன் தம் கடமை முடிந்ததென்று எழுந்துவிடாமல், அவ்வேளையையும் ஒரு பாடவேளையாகக் கொள்வார்களாக.