காப்பிக் கிளை பட்ட கண்

கேள்வி: ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறார். ஆறு நாளைக்கு முன், வளைத்துப் பிடித்த கிளை கைநழுவி வலது கண்ணில் அடித்துவிட்டது. கண் சிவந்து நீர் கொட்டியது. லைன் வீட்டில் எல்லாரும் ‘மெட்ராஸ் ஐ’ என்றார்கள். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டோம். பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினோம். இரண்டு நாள் சிவப்பும் வலியும் குறைந்தன. இப்போது மறுபடி வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியில் அரிசி நொய் அளவு வெள்ளையாகத் தெரிகிறது. பழம் பறித்து முடிந்ததும் சேலத்துக்குப் போகலாம் என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா? வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

பதில்: காத்திருக்கக் கூடாது, தம்பி. கடிதத்தில் எண் கொடுத்திருந்ததால் இதை அன்றே போனில் சொல்லிவிட்டேன். மலையில் இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸ்களால் வருவது. ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், மணல் விழுந்தாற்போல உறுத்தும். ஆனால் பெரும்பாலும் பார்வை தெளிவாகவே இருக்கும்; ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். அம்மாவுக்கு ஒரே கண், அதுவும் அடிபட்ட கண். கூடவே வெள்ளைப் புள்ளி. பாட்டிமார் ‘கண்ணில் பூ விழுந்துடுச்சு’ என்பார்களே, அந்தப் பூ பெரும்பாலும் இப்படி வந்த புண் ஆறிய தழும்புதான். அம்மாவுக்கு இப்போது இருப்பதைக் கருவிழிப் புண் என்போம்.

இலையும் கிளையும் கீறினால் பாக்டீரியா மட்டுமல்ல, பூஞ்சையும் உள்ளே போகும். மண்ணிலும் செடியிலும் சாதாரணமாக இருக்கும் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவை அவை. முழுக் கருவிழி இவற்றை உள்ளே விடாது. மேல்தோல் கீறிவிட்டால் வழி கிடைத்துவிடும்.

எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு நாள் சுகம்தான். கடையில் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருக்கலாம். கண் சிவப்பது உடம்பு கிருமியோடு மல்லுக்கு நிற்பதால். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடும். வெளியே கண் வெளுத்துத் தெரியும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வேர்விடும். அதை இனி ஒரு சொட்டும் விட வேண்டாம். பூச்சாறும் தாய்ப்பாலும் வேண்டாம். நாக்கால் துழாவித் தூசி எடுக்கும் பாட்டியையும் கிட்டே விடாதீர்கள். அவர் கை ராசியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, வாயிலுள்ள கிருமியைப் பற்றித்தான் பயம்.

1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. தென்னாட்டில் பூஞ்சைப் புண் ஜனவரியிலும் ஜூலையிலும் அதிகம் என்று பின்னர் கண்டார்கள். ஜனவரி என்றால் உங்கள் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம்.

ஆஸ்பத்திரியில் மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூல்போலத் தெரியும். அதற்கு முதல் மருந்து நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு. பூஞ்சைப் புண்ணுக்கு அதைவிட விலை கூடிய வோரிகோனசோலைக் காட்டிலும் இதுவே மேல் என்று, அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தரம் விட வேண்டியிருக்கும், அதுவும் வாரக்கணக்கில். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் புண் துளைவிட்ட கண்ணோடு திரும்பி வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் தானக் கண் கிடைத்து கருவிழி மாற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு.

அடுத்த தடவை கிளை அடித்தால்? தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். நேபாளத்தின் பக்தபூரில் 442 பேருக்குக் கீறலுக்கு மேல் குளோராம்பெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டுப் பார்த்தார்கள். 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தவர்களுக்குப் பலன் அத்தனை இல்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு பறிக்கலாம்தான். பனிமூட்டத்தில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது என்பீர்கள், நியாயம்தான். பக்கவாட்டில் காற்றுத் துளை வைத்த பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. பழம் போடச் சாக்கு கொடுக்கிற தோட்டக்காரர்கள் இதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வீட்டில் யாருக்கும் இது ஒட்டாது. மெட்ராஸ் ஐ ஒட்டும்; அதுவும் பார்ப்பதால் அல்ல, கை, துண்டு, தலையணை வழியாக.

20 கொண்டை ஊசி வளைவையும் இன்றே இறங்குங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலையும் எடுத்துப் போங்கள். காலியாக இருந்தாலும் சரி, டாக்டருக்கு லேபிள்தான் வேண்டும்.