வலையில் தங்காத உணவு

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில், பொழுதுபட்டதும் கிழக்கு வானத்தைப் பாருங்கள். சிறு கொத்தாக மின்னும் கார்த்திகை வெள்ளிகள் தெரியும். பசுபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் பழைய கமக்காரரும் இதே கொத்தைத்தான் பார்த்திருந்தார்கள். மக்காலிஈ என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். பொழுதுபடும் வேளையில் அது கிழக்கே எழுந்தால் மக்காஹிக்கி என்னும் பெருநாட்காலம் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்வார்கள். ஏறக்குறைய நான்கு மாதங்கள் அது நீடிக்கும். அந்நாட்களில் போர் விலக்கப்பட்டிருந்தது. மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வமாக அவர்கள் வணங்கிய லோனோவின் காலம் அது.

அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்பதை விளங்க, முதலில் அவர்களுடைய காணி முறையை அறிய வேண்டும். மலை உச்சியிலிருந்து கடல் வரை, பெரும்பாலும் ஓர் ஆற்றை ஒட்டி, நிலம் நீளவாக்கில் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவும் ஓர் அஹுபுவா. மேட்டில் இருந்தவர்கள் சேம்பு பயிரிட்டார்கள். கரையில் இருந்தவர்கள் மீன் பிடித்தார்கள். மேட்டு உறவினர் கீழே வரும்போது சேம்பைக் கொண்டுவருவார்கள். திரும்பும்போது கையில் மீன் இருக்கும். விலை பேசுவதில்லை. ஆற்று நீரை வாய்க்கால் வெட்டிச் சேம்பு வயல்களுக்குப் பாய்ச்சி, மிஞ்சியதை மறுபடி ஆற்றிலேயே விட்டார்கள். வாய்க்கால் வேலைக்கு வந்தவருக்கு நீரில் பங்கு. அவர்களுடைய மொழியில் நீருக்கு ‘வாய்’ என்றும், செல்வத்துக்கு ‘வாய்வாய்’ என்றும் பெயர். நமது வாய்க்காலுக்கும் அதற்கும் உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் காதுக்கு இனிமையாக இருக்கிறது.

மக்காஹிக்கி காலத்தில் லோனோவின் சின்னமான நீண்ட கம்பத்தை, குறுக்குத் தடியில் வெள்ளை மரப்பட்டைத் துணி தொங்க, குருமார் தீவைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு அஹுபுவாவின் எல்லையிலும் கற்களால் அடுக்கிய பீடம் ஒன்று இருக்கும். சேம்பு, கருவாடு, பாய், துணி, பன்றி என்று அவ்விடத்து மக்கள் தங்கள் விளைபொருளையும் கைவேலையையும் அங்கே வைப்பார்கள். இதை முழுக்க அன்பளிப்பு என்று சொல்லிவிட முடியாது. தலைவர்களுக்குச் சேர்ந்த வரியும் அதுவே; குறைந்தால் விடமாட்டார்கள். கொடுத்து முடிந்த பிறகுதான் மல்யுத்தமும் ஆடலும் விருந்தும்.

அக்காலம் முடியும் தறுவாயில் நடந்த ஒரு சடங்கு என் மனதை விட்டு நீங்கவில்லை. பெரிய கண்கள் உள்ள ஒரு வலையில் சேம்பு, வற்றாளை, ஈரப்பலா, வாழைப்பழம், தேங்காய், இறைச்சி எல்லாவற்றையும் நிரப்புவார்கள். நான்கு பேர் நான்கு மூலையிலும் பிடித்துத் தூக்கிக் குலுக்குவார்கள். எல்லாம் நிலத்தில் விழுந்துவிட்டால் வரும் ஆண்டு செழிப்பு. ஏதாவது வலையில் சிக்கி நின்றால் பஞ்சம் வரும் என்று அஞ்சினார்கள்.

சேம்பை அவர்கள் வெறும் மரக்கறியாக நினைப்பதில்லை. அவர்களுடைய பழங்கதையில் வானத் தந்தைக்கு முதற்பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த பிள்ளையே மனிதரின் மூதாதை. ஆகவே சேம்பு அவர்களுக்கு அண்ணன். தாய்க்கிழங்கின் பக்கத்தில் வெடிக்கும் குட்டிக்கு ‘ஒஹா’ என்று பெயர். குடும்பத்துக்கு உரிய ‘ஒஹானா’ என்ற சொல் அதிலிருந்து வந்தது. அவித்த கிழங்கைப் பலகையில் கற்குழவியால் இடித்து, நீர் விட்டுக் குழைத்தால் ‘போயி’. இரண்டொரு நாள் இருந்தால் புளிக்கும். பலர் அப்படியே விரும்புவர். போயிப் பாத்திரம் திறந்திருக்கும் வரை சண்டை பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். அண்ணன் முன்னிலையில் சண்டையா?

ஆனால் 1819 வரை அந்த உணவை ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ண முடியாது. பன்றி இறைச்சியும் தேங்காயும் பெரும்பாலான வாழை இனங்களும் பெண்களுக்கு விலக்கு. அந்த ஆண்டில் இளம் அரசன் இரண்டாம் கமெஹமெஹா பெண்களோடு அமர்ந்து உண்டான். விலக்கு அன்றே உடைந்தது. மறு ஆண்டு, 1820 இல், அமெரிக்க மிஷனரிமார் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பிய அதே பொஸ்டன் சங்கமே அவர்களையும் அனுப்பியது. தூய்மைவாத மரபினரான அவர்கள் நத்தாரைக் கொண்டாடவில்லை. அது பின்னரே வேரூன்றியது. சகர ஒலியும் ரகர ஒலியும் இல்லாத மொழியில் நத்தார் ‘கலிகிமாக்கா’ ஆயிற்று. போர்த்துக்கீசரின் ‘நத்தால்’ நம்மிடம் நத்தார் ஆனது போலத்தான்.

இன்றும் நத்தாருக்கு அங்கே குழி வெட்டிச் சமைப்பார்கள். விறகை எரித்துக் கற்களைச் சிவக்கக் காய்ச்சி, மேலே நசுக்கிய வாழைக்குற்றியும் இலையும் பரப்பி, பன்றியை வைத்து, இலையாலும் ஈரச்சாக்காலும் மூடி மண்ணைப் போடுவார்கள். பல மணி நேரம் கழித்துத் திறக்கும்போது இறைச்சி கையாலேயே பிய்ந்துவரும். ஒரு வீட்டால் ஆகிற வேலை அல்ல அது. ஒருவர் விறகு கொண்டுவருவார், ஒருவர் கல், இன்னொருவர் இலை. எதுவும் இல்லாதவர் மண்வெட்டியோடு வருவார். அவருக்கும் பங்கு உண்டு.

இந்த மக்களும் காணி இழந்தவர்களே. 1848 இல் தொடங்கிய காணிப் பங்கீட்டில் சாதாரண குடிமக்களுக்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பின்னர் கரும்புத் தோட்டங்கள் நீரையும் எடுத்துக்கொண்டன. ஒவாஹு தீவில் வாயாஹோலே பள்ளத்தாக்கின் நீரை 1916 இல் முடிந்த சுரங்க வாய்க்கால் மலைக்கு அப்பால் கொண்டுபோனது; சேம்பு வயல்கள் காய்ந்தன. 1970களில் அங்கிருந்த கமக்காரரை எழுப்பிவிடவும் முயன்றார்கள். அவர்கள் எழும்பவில்லை. 1977 இல் அரசே அக்காணியை வாங்கியது. கரும்பாலை 1995 இல் மூடப்பட்டது. நீர் பொதுமக்களுக்காகக் காக்கப்பட வேண்டிய சொத்து என்று 2000 இல் அந்த மாநிலத்தின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரில் ஒரு பகுதி ஆற்றுக்குத் திரும்பியது.

நீர் திரும்பினால் மட்டும் போதுமா? நடுகைக்குத் தடி வேண்டும். சேம்பைக் கிளப்பியதும் கிழங்கின் மேல்நுனியை மெல்லிய வில்லையாகத் தண்டோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். அதுதான் அடுத்த நடுகைக்கு. அதை ‘ஹுலி’ என்பார்கள். கிழங்கைத் தின்றபின்னும் ஹுலி மிஞ்சும். அதைக் கேட்டவருக்குக் கொடுப்பது வழக்கம். இதனால்தான் 2006 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் மூன்று சேம்பு இனங்களுக்கு வைத்திருந்த காப்புரிமையைக் கமக்காரர் எதிர்த்தார்கள். அண்ணனுக்கு உரிமையாளர் ஏது என்று கேட்டார்கள். பல்கலைக்கழகம் அவ்வாண்டே அதைக் கைவிட்டது.

உங்கள் குழுவில் பேசுவதற்கு: ஊரை விட்டு வெளிக்கிட்டபோது உங்கள் வீட்டார் எந்த விதையை, எந்தத் தடியைக் கையோடு கொண்டுவந்தார்கள்? வந்த இடத்தில் அதை யாருக்குக் கொடுத்தீர்கள்? உங்களுக்கு யார் தந்தார்கள்? மூத்தவர்களிடம் கேட்டு, இனத்தின் பெயரையும் தந்தவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். தடி கைவசம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.