அறுகம்புல் சொல்லும் பாடம்: தண்ணி குறைவாகக் குடிக்கும் புல்தரை



கல்யாண வீட்டில் பெரியவர்கள் "ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி வாழுங்கள்" என்று வாழ்த்துவார்கள். அவ்வளவு பெரிய ஆலமரத்தோடு ஒரு சின்னப் புல்லை ஏன் சேர்த்துச் சொன்னார்கள்? வெயிலில் காய்ந்து பழுத்தாலும் ஒரு மழை கண்டால் அறுகு திரும்பத் துளிர்த்துவிடும். பிள்ளையாருக்கு நாம் வைக்கும் இந்தப் புல்தான், உலகத்தில் பல விளையாட்டு மைதானங்களில் விரித்திருக்கும் நல்ல ஜாதிப் புற்களுக்குத் தாய்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கண்டிப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. பீலியில் தண்ணி நூல்போல வரும், லயத்துப் பெண்கள் குடத்தோடு காத்து நிற்பார்கள். அந்த நேரத்திலும் பங்களா முற்றம், ஆஸ்பத்திரி முற்றம், பாடசாலை முற்றம் எல்லாம் பச்சையாக இருக்கவேண்டும் என்று குழாய் பிடிப்பது உண்டு. கணக்குப் பாருங்கள். புல்தரைக்கு வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணி என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள ஒரு முற்றத்துக்கு அது 2,500 லீட்டர். 15 லீட்டர் குடத்தால் அளந்தால் 160 குடத்துக்கு மேல்! ஆகவே எந்தப் புல்லை நடுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நல்ல புல்லை எப்படித் தெரிவு செய்கிறார்கள்? நமக்குத் தெரிந்த தேயிலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பழைய விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி. அதில் திறமான செடியைப் பார்த்து, துண்டு வெட்டி, தவறணையில் வளர்த்தால் எல்லாம் தாய்ச்செடி மாதிரியே வரும். அதுதான் வி.பி. தேயிலை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 வறட்சியைத் தாங்கும் என்று நம் ஆட்களுக்கே தெரியும்.

புல்லிலும் இதே வேலைதான். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி 1936இல் வேலைக்குச் சேர்ந்தார். 1954இல் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த புல்விதையில் தற்செயலாக ஒரு கலப்புப் புல் முளைத்தது. அறுகும் ஆபிரிக்கப் புல் ஒன்றும் கலந்த ஜாதி அது. அதைக் கவனித்து வளர்த்து 1960இல் 'டிஃப்வே' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதில் முளைக்கும் விதை கிடையாது. வி.பி. தேயிலை மாதிரித் துண்டு நட்டுத்தான் பரப்பவேண்டும். பிறகு அதே ஊரில் ஆயிரக்கணக்கான புல் நாற்றுகளை நட்டு, தண்ணியைக் குறைத்து, தாக்குப்பிடித்து நின்றதை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அப்படி வந்ததுதான் 'டிஃப்டஃப்'. டிஃப்வேயை விடக் குறைந்த தண்ணியில் அது பச்சையாக நிற்கும்.

புல் ஆராய்ச்சி பணக்காரர் முற்றத்துக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். பர்ட்டன் உருவாக்கிய கம்பு வகை ஒன்றைத் தாயாக வைத்துத்தான் இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பு 1965இல் வெளிவந்தது. கம்பும் புல் இனம்தானே.

அந்தப் புல்லை நாம் வாங்கப் போகவேண்டியதில்லை. அதன் தாய் நம்ம முற்றத்திலேயே இருக்கிறது. செய்யவேண்டியது இவ்வளவுதான்:

1. மாசி மாத வெயிலில் எந்த இடத்து அறுகு பச்சையாக நிற்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பீலி ஓரம், கான் ஓரம் இருப்பதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். அதன் பச்சை தண்ணியால் வந்த பச்சை.

2. நாலைந்து இடத்துப் புல்லை ஒரே மண்ணில், ஒரே வெயிலில் பக்கம் பக்கமாக நட்டு, அடுத்த வறட்சியில் ஒப்பிடுங்கள். எது தாங்குகிறதோ அதையே பெருக்குங்கள்.

3. மழை தொடங்கும்போது, மூன்று நாலு கணு உள்ள துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் பாதி புதையும்படி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை மட்டும் ஈரம் காயாமல் பாருங்கள்.

4. அறுகுக்கு வெயில் வேண்டும். மர நிழலில் வராது. அங்கே மலேசியன் புல் போன்ற அகல இலைப் புல்லே சரி.

5. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். வறட்சியில் இரண்டு அங்குலமாவது விடுங்கள். வெட்டிய புல் தரையிலேயே கிடக்கட்டும், ஈரம் காக்கும்.

6. தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். நடந்த கால்தடம் நிமிராமல் கிடந்தால் மட்டும், விடிகாலையில் ஆழமாக நனையும்படி ஒரு தடவை ஊற்றுங்கள்.

7. தேயிலை மலைக்குள் அறுகு போனால் அதுவே களை. ஆகவே ஓரத்தில் சின்னக் கான் வெட்டி, ஓடிவரும் தண்டை அவ்வப்போது அறுத்துவிடுங்கள்.

இன்னொன்று. லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் புல்லைச் சுரண்டியால் வழித்து எடுக்காதீர்கள். கத்தியால் வெட்டி விடுங்கள். மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். மழையில் மேல்மண் ஓடினால் திரும்ப வராது.

வறட்சியில் புல்தரை கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தால் அது செத்துப்போனதாக அர்த்தமில்லை, தூங்குகிறது. மழை வந்தால் எழும்பும். அதுவரைக்கும் அந்த 160 குடம் தண்ணி அடுப்படிக்குப் போகட்டும்.

மாலை வகுப்பில் பேசிப் பார்க்க: உங்கள் டிவிசனில் மாசி மாதத்திலும் பச்சையாக நிற்கும் புல் எங்கே இருக்கிறது? அதற்குக் காரணம் புல்லா, தண்ணியா?