சனிக்கிழமைக்குத் தயாரா இருடா தம்பி

"திங்கட்கிழமை டான்சில் ஆபரேஷன், வியாழக்கிழமை ஆபீஸ் போயிடுவேன்க்கா"ன்னு நீ போன்ல சொன்னதும் சிரிச்சுட்டேன். 34 வயசுல எனக்குப் பண்ணினப்போ நானும் இதே கணக்குதான் போட்டேன். சின்னப் பசங்க சீக்கிரம் எழுந்து ஓடிடுவாங்க. நமக்கு 10 நாள்லேர்ந்து 14 நாள் ஆகும். மரியாதையா ரெண்டு வாரம் லீவு எழுதிக் குடு.

ரெண்டாம் நாள் கொஞ்சம் தெம்பா இருக்கும், அதை நம்பிடாதே. புண்ணு மேல வெள்ளையா ஆடை மாதிரி படியும். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு சீழ்னு அலறாதே, அப்படித்தான் ஆறும். அஞ்சாம் நாள்லேர்ந்து பத்தாம் நாளுக்குள்ள அது உரிஞ்சு விழும்போதுதான் வலி உசுரை எடுக்கும். காதுக்குள்ள குத்தும். தொண்டைக்குப் போற நரம்போட கிளை காதுக்கும் போகுது, அதான். இது தெரியாம நான் காதுக்குச் சொட்டு மருந்து தேடினேன். வாய் வேற நாறும். உன் மாமா ஒரு வாரம் ஹால்லதான் படுத்தார்!

வலிக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு மாத்திரையைத் தள்ளிப்போடாதே. டாக்டர் சொன்ன மணிக்குப் போடு, ராத்திரிக்கும் அலாரம் வை. தூங்கி எழும்போது தொண்டை காய்ஞ்சு கண்ணாடித்தூள் முழுங்கின மாதிரி இருக்கும், அதுக்கு முன்னாடி நீ முந்திக்கணும். சாப்பிட அரை மணி நேரம் முன்னாடி வலி மருந்து உள்ளே போயிருந்தா சாப்பாடு இறங்கும். முழுங்க முடியலைன்னா சிரப்பா எழுதித் தரச் சொல்லு. பாரசிட்டமால் எந்தப் பேர்ல வந்தாலும் கணக்கு ஒண்ணுதான்: ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெடிக்கல்ல நீயா கேட்டு ஆஸ்பிரின் மட்டும் வாங்கிடாதே, ரத்தம் கசியும்.

அடுத்தது அம்மா. "குளுந்தது ஆகாது, சளி பிடிக்கும்"னு மிளகு ரசத்தோட வந்து நிப்பாங்க. அவங்களோட சண்டை போடாதே, டாக்டரையே அவங்ககிட்ட சொல்ல வை. ஐஸ்க்ரீம் சாப்பிடலாம், முந்திரி பாதாம் போட்டது வேண்டாம். தயிர் சாதத்தைக் குழையப் பிசையச் சொல்லு, தாளிக்கவே கூடாது. ஒரே ஒரு கடுகு புண்ணுல ஒட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜவ்வரிசிக் கஞ்சி, ஆறின கேழ்வரகுக் கூழ், இளநீர் எல்லாம் நல்லா இறங்கும். ஆரஞ்சு ஜூஸ் எரியும், முறுக்கு அப்பளம் கீறும். ரோஸ்மில்க், பீட்ரூட் பக்கமும் போகாதே. துப்பினா எது ரத்தம், எது சாயம்னு தெரியாது.

சாப்பாடு குறைஞ்சாக்கூட சமாளிச்சுக்கலாம், தண்ணி குறையக் கூடாது. வலிக்குதுன்னு முழுங்காம இருந்தா தொண்டை காயும், காய்ஞ்சா இன்னும் வலிக்கும். பக்கத்துல சொம்பு வெச்சுக்கிட்டு கால் மணிக்கு ஒரு தடவை ரெண்டு மடக்கு குடி. மூத்திரம் அடர் மஞ்சளாப் போனா போதலைன்னு அர்த்தம். சுத்தமா இறங்கவே இல்லைன்னா ட்ரிப் ஏத்திக்கப் போயிடு, அதுல வெட்கம் வேண்டாம்.

ஒண்ணு மட்டும் விளையாட்டில்லை. பழுப்பா ஏதோ இழை எச்சில்ல வந்தா டாக்டருக்கு போன் பண்ணிக் கேளு. சிவப்பா புது ரத்தம் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதே. நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால குனிஞ்சு துப்பு, முழுங்காதே, உடனே எமர்ஜென்சிக்குக் கிளம்பு. ஆடை உரியற நாள்ல இது நடக்கலாம்ங்கிறதாலதான் ரெண்டு வாரம் ஊர்ப் பயணம் கூடாது, ஜிம் கூடாதுங்கறேன்.

தலையணை ரெண்டு வெச்சுப் படு. பேச்சைக் குறை, நீ குறைப்பியான்னு சந்தேகம்தான்.

சனிக்கிழமை உனக்கு அஞ்சாம் நாள். காலை பஸ்ல வந்துடறேன், அன்னைக்கு அடுப்படி என் பொறுப்பு. ஐஸ் ட்ரே ரெண்டையும் ரொப்பி வெச்சிரு.