வேலையாளை எடை போடுவது எப்படி?

அன்புவழிபுரத்தில் கடை நடத்தும் ஒருவரிடம், பாடசாலைப் படிப்பை முடித்த இளைஞன் வேலை கேட்டு வருகிறான். அனுபவம் இல்லை, சிபாரிசும் இல்லை. "இடமில்லை" என்று அனுப்பிவிடுவது சுலபம். நல்ல வேலையாட்களை நாம் இழப்பதும் அப்படித்தான்.

யாழ். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்தின் கதை இதற்கு நல்ல பாடம். சுழற்பந்து வீச்சாளரான அவரை 2020இல் லங்கா பிரீமியர் லீக்கின் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. அப்போது வயது 18. முதல் போட்டியிலேயே அஞ்சலோ மெத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தார்.

இருபதுக்கு இருபது ஆட்டத்தில் ஒருவர் வீசக்கூடியது 4 ஓவர்கள்தான். புதியவர் சோபிக்காவிட்டாலும் அணியின் நட்டம் அந்த அளவோடு நிற்கும். சோபித்தாலோ இலாபம் வளர்ந்துகொண்டே போகும். 2024இல் வனிந்து ஹசரங்க காயமடைந்தபோது, அவருக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஐதராபாத் வியாஸ்காந்தை இந்திய ரூபா 50 இலட்சத்துக்கு எடுத்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

2. முதலில் சிறு பொறுப்பு. ஒரு வாரம் சரக்கிருப்பை எண்ணிக் கணக்கெழுதட்டும். காசுப் பெட்டியைப் பிறகு ஒப்படைக்கலாம்.

3. தவறு செய்த மறுநாள் எப்படி வேலை செய்கிறான் என்று பாருங்கள். சிக்ஸர் வாங்கிய பின் வீசும் பந்தில்தான் பந்துவீச்சாளரின் தரம் தெரியும்.

ஆளை எடுக்காவிட்டாலும், பரீட்சித்த நாட்களுக்குக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அது அவனுடைய உழைப்பு.