சிட்டுவின் பெயரும் பத்திரத்தில் ஏறட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெருங்குடி ஃப்ளாட்டுக்கு நீ டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக அண்ணி போனில் சொன்னதிலிருந்து அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் பக்கம், தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, எல்லாம் சரி. ஆனால் சிட்டு இருப்பதை ஓனரிடம் இன்னும் சொல்லவில்லையாமே? குடிபோன பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று புரோக்கர் தைரியம் கொடுத்தாராம். கமிஷன் கைக்கு வந்ததும் அவர் போய்விடுவார். நடுராத்திரி சிட்டு குரைத்து, பக்கத்து வீட்டார் வந்து தட்டினால் கதவைத் திறக்க வேண்டியவள் நீ.

சட்டம் இருக்கிறதே என்பாய். பாதி சரி. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்று 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் இதெல்லாம் சங்கத்துக்குப் போட்ட கடிவாளம். தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. ‘பிராணிகள் கூடாது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்தையும் போட்டுவிட்டு, வாரியத்தின் காகிதத்தைக் காட்டி அவரோடு மல்லுக்கட்ட முடியுமா?

அதனால்தான் பத்திரத்தில் எழுது என்று அத்தை அடித்துக்கொள்கிறாள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். தனியாகப் பேசி எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. எப்படியும் எழுதத்தானே போகிறாய்? நாட்டு நாய் ஒன்று உடன் இருக்கும், காலி செய்யும்போது கதவுக் கீறலும் பெயிண்டும் குடியிருப்பவர் பொறுப்பு என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

அயனாவரம் போர்ஷனில் நம் நாய் மணியைச் சொல்லாமல்தான் வைத்திருந்தது.

அந்தக் கதை உனக்குத் தெரியும். ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். உன் அப்பா சைக்கிள் கேரியரில் மணியை வைத்துக் கட்டிக்கொண்டு கொரட்டூர்ப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். நாலாம் நாள் அது பூட்டின பழைய வீட்டுத் திண்ணையில் படுத்திருந்ததைப் பால்காரர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தபோது இல்லை. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தாலும் தாத்தா எதிரில் யார் வாய் திறந்திருப்பார்கள்? அண்ணன் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. அத்தையால் பேசாமல் இருக்க முடியவில்லை.

பெருங்குடியா ஆதம்பாக்கமா, எந்த வீடு என்பது உன் முடிவு. சம்பாதிக்கிற பெண், அத்தை குறுக்கே நிற்கமாட்டாள். பெருங்குடியில் பத்தாவது மாடி, பால்கனிக்கு வலை கிடையாது, நீ வரும்வரை சிட்டு பூட்டின கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கும். ஆதம்பாக்கத்தில் கீழ்ப் போர்ஷன், பின்னால் முருங்கை மரத்தோடு கொல்லை, மாடியில் இருக்கும் ஓனரம்மா வீட்டிலேயே ஒரு நாய். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு தொங்குகிற வீட்டில் நாயோடு வருகிறவளுக்கு விளக்கம் சொல்லும் வேலை பாதி மிச்சம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

வீடு பார்க்கப் போகும்போது சிட்டுவையும் கூட்டிப் போ. வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம் இரண்டுக்கும் நகல் எடுத்துக்கொள். 2025-இல் மைக்ரோசிப்பும் கட்டாயமாகிவிட்டது, அதைத் தள்ளிப்போடாதே. பக்கத்துப் போர்ஷன்காரர்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிடு. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ இருந்தால் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தவள் நீ. உன்னைப் போல் மனசு இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அட்வான்ஸுக்குக் குறைந்தால் சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது, திருப்பித் தர வேண்டாம். உனக்குப் பருப்புப் பொடியும் நெய்யும், சிட்டுவுக்குத் தாத்தாவின் பழைய கம்பளியும் எடுத்து வைத்தாயிற்று. சனிக்கிழமை பல்லவனில் அத்தை வருகிறாள். இரண்டு வீட்டையும் சேர்ந்தே பார்ப்போம், முதலில் ஆதம்பாக்கம்.

அன்புடன்,
திருச்சி அத்தை